முதல் இருக்கையில் எதை விளையாடுவது? போக்கர் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் பணம் வைக்காமல் சிப்புகளைக் கொண்டு டெக்சஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுச் சீட்டுகள் என்று ஆடும் போக்கர்) விளையாடுவோர் கேட்ட கேள்விகளில், ப்ரீஃப்ளொப் சுற்றின், அதாவது பொதுச் சீட்டுகள் விழுமுன் நடக்கும் பந்தயச் சுற்றின், முதல் இருக்கைகளைப் பற்றியவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: ‘அண்டர் த கன்’ எந்த இருக்கை? பிக் பிளைண்ட் போட்டவர்தானே முதலில் பேச வேண்டும்?

இல்லை. ஸ்மோல் பிளைண்டும் பிக் பிளைண்டும் கட்டாயப் பந்தயங்கள் என்பதால், அவற்றைப் போட்ட இருவரும் முதற் சுற்றில் கடைசியாகவே பேசுவார்கள். பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவரே முதலில் முடிவெடுக்க வேண்டியவர்; அவருடைய இருக்கைதான் அண்டர் த கன். ஒன்பது பேர் மேசையில் அதையும் அடுத்த இரண்டையும் ஏர்லி பொசிஷன் (முன் இருக்கைகள்) என்பார்கள். அதன்பின் லோஜாக், ஹைஜாக், கட்ஓஃப், பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடம்) என்று இருக்கைகளின் வரிசை போகும். ஃப்ளொப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்த பிறகும் பிளைண்ட் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் உங்களுக்குப் பின்னரே பேசுவதால், இந்த இருக்கையின் பாதகம் கடைசிச் சீட்டு வரை தொடரும்.

திருக்கோவிலிலிருந்து: அண்ணா, முதல் இருக்கையில் ஏஸும் ஜாக்கும் வந்தும் ஃபோல்ட் பண்ணச் (சீட்டைக் கைவிடச்) சொல்கிறீர்களே, ஏன்?

தம்பி, 304 விளையாடி வளர்ந்த நமக்கு ஜாக் என்பது 30 புள்ளி பெறும் தலைச்சீட்டு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. உங்கள் இரண்டு சீட்டுகளும் வெவ்வேறு இனமாக இருக்கின்றன என்று வைத்துக் கணக்கைப் பார்ப்போம். மீதி 50 சீட்டுகளில் 1225 ஜோடிகள் அமையும். அவற்றுள் உங்களைப் பெரிதும் முந்தி நிற்பவை ஏஸ் ஜோடி 3, கிங் ஜோடி 6, குவீன் ஜோடி 6, ஜாக் ஜோடி 3, ஏஸ்-கிங் 12, ஏஸ்-குவீன் 12, ஆக 42. ஒருவரிடம் அவற்றில் ஒன்று இருக்கும் வாய்ப்பு மூன்றரை வீதம்தான். ஆனால் உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். எட்டுப் பேரில் ஒருவரிடமாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். அதே சீட்டுகள் பட்டனில் வந்து, முன்னால் எல்லோரும் ஃபோல்ட் பண்ணியிருந்தால், மிஞ்சியிருப்பவர்கள் இருவரே. அப்போது அந்த ஆபத்து பதினைந்தில் ஒன்றளவுதான். எனவே கையில் இருப்பதைவிட, பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையே முதலில் பாருங்கள். ஏஸ் விழுந்து நீங்கள் மகிழும்போது எதிரே ஏஸ்-கிங் இருப்பதே இந்தக் கையின் பெரிய நட்டம்.

கல்முனையிலிருந்து: அப்படியானால் எவற்றைத்தான் விளையாடுவது?

புதியவருக்கு நான் சொல்வது இதுதான்: ஏழு ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை எல்லா ஜோடிகளும், ஏஸ்-கிங், ஏஸ்-குவீன் ஆகியவையும், ஒரே இனமாக வந்தால் மட்டும் ஏஸ்-ஜாக், ஏஸ்-பத்து, கிங்-குவீன், கிங்-ஜாக், குவீன்-ஜாக், ஜாக்-பத்து. மொத்தம் 1326 கைகளில் இவை 104. எட்டு வீதத்துக்குச் சற்றுக் குறைவு. தேர்ந்தவர்கள் இன்னும் கொஞ்சம் விரிப்பார்கள். ஆறும் அதற்குக் கீழும் உள்ள ஜோடிகளை விட்டுவிடுங்கள். ஃப்ளொப்பில் அதே எண்ணின் மூன்றாவது சீட்டு எட்டரைத் தடவைக்கு ஒரு முறைதான் கிடைக்கும்.

வாழைச்சேனையிலிருந்து: ஏஸ் ஜோடி வந்தால், ஆட்கள் ஓடிவிடாமல் இருக்க லிம்ப் பண்ணலாமா (பந்தயத்தை உயர்த்தாமல் பிக் பிளைண்ட் அளவை மட்டும் போடலாமா)?

வேண்டாம். ஏஸ் ஜோடி ஏதோவொரு கையை எதிர்த்து ஏறத்தாழ 85 வீதம் வெல்லும். நான்கு பேரை எதிர்த்தால் அது 56 வீதத்துக்கு இறங்கிவிடும். பிக் பிளைண்டைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்குக்கு ரெய்ஸ் பண்ணுங்கள் (பந்தயத்தை உயர்த்துங்கள்). ஏஸ் ஜோடிக்கும் ஜாக்-பத்துக்கும் ஒரே அளவையே வையுங்கள். அளவு மாறினால் கவனிப்பவர் உங்கள் கையைப் படித்துவிடுவார்.

ஆரையம்பதியிலிருந்து: எங்கள் மேசையில் ஆறு பேர்தான். இதே பட்டியல் சரியா?

ஆறு பேர் மேசையின் அண்டர் த கன், ஒன்பது பேர் மேசையின் லோஜாக்குக்குச் சமம். பின்னால் ஐந்து பேரே உள்ளார்கள். மேலே சொன்ன நான்கில் ஒன்று, இங்கே ஆறில் ஒன்றளவாகக் குறையும். ஆகவே வெவ்வேறு இன ஏஸ்-ஜாக்கையும் ஆறு ஜோடியையும் தாராளமாகச் சேர்க்கலாம்.