பூனைக்குச் சுகர்: ஊசிக்கு முன்னும் பின்னும் – கேள்வி பதில்

பூனைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "எத்தனை யூனிட்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. பூனையைப் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது.

டாக்டர், எங்கள் ஆண் பூனைக்கு 10 வயது, ஆறரை கிலோ. கிளினிக்கில் சுகர் 310 காட்டியது. உடனே இன்சுலின் ஆரம்பிக்க வேண்டுமா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து வேண்டாம். கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய்கள் குரைக்கிற இடத்தில் உட்காரவைத்தால் நல்ல பூனைக்கே 300 வரை ஏறும். ஃப்ரக்டோசமின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடைசி ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையை அது காட்டும், அன்றைய பயம் அதில் சேராது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடாதீர்கள். வயது, ஆண், கூடுதல் எடை மூன்றுமே இந்த நோய்க்குத் தோதானவை. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா, பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கிறதா? அப்படியென்றால் நாளைக்கே போங்கள்.

லாண்டஸ் என்ற இன்சுலின் 1 யூனிட் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சு தந்தார்கள். அதில் 1 கோடு இழுத்தால் போதும்தானே?

வேண்டாம், அந்த சிரிஞ்சை ஓரமாக வையுங்கள். வந்த கேள்விகளிலேயே என்னைப் பதறவைத்தது இதுதான்.

நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கிறது. சிவப்பு மூடி, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ள மருந்துக்கு. லாண்டஸ் 100 வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். நாலு கிலோ பூனைக்கு இரண்டரை மடங்கு என்பது உயிரோடு விளையாடுவது. கேனின்சுலின் மாதிரி விலங்குகளுக்கென்றே வரும் 40 வகை மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் தலைகீழாக நடக்கும்: 1 கோட்டுக்கு 0.4 யூனிட்தான். சுகர் இறங்கவே இறங்காது, மருந்து சரியில்லை என்று திட்டுவோம்.

மூடி நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் மருந்துப் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். 0.3 மில்லி சிரிஞ்சில் அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

காதில் குத்தினால் ரத்தமே வரமாட்டேன் என்கிறது. அப்புறம், அப்பாவின் குளுக்கோமீட்டரிலேயே பார்க்கலாமா?

காது குளிர்ந்திருந்தால் வராது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் காதில் வைத்து, ஈரம் போகத் துடையுங்கள். குத்துகிற இடத்தில் துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். காதின் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அதன் மேலேயே குத்தாமல், அதற்கும் விளிம்புக்கும் நடுவே குத்துங்கள். முடிந்ததும் பஞ்சால் அழுத்திப் பிடித்துவிட்டு, அதற்குப் பிடித்த ஒரு துண்டுக் கோழி. ஒரே வாரத்தில் அதுவே மீட்டரைப் பார்த்து ஓடி வரும்.

மனித மீட்டரில் பார்க்கலாம். பூனை ரத்தத்தில் அது பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பூனைக்கென்றே அளவு திருத்திய மீட்டர் வாங்க முடிந்தால் நல்லது. எதுவானாலும் ஒரே மீட்டர், மாற்றி மாற்றி வேண்டாம்.

ஊசிக்கு முன் எப்போது பார்த்தாலும் 380. அதனால் நானே 1-லிருந்து 3 யூனிட் ஆக்கினேன். இன்னும் இறங்கவில்லையே?

பழைய அளவுக்குத் திரும்பலாமா என்று இன்றே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசிக்கு முன் வரும் எண், போன ஊசியின் வேகம் தீர்ந்த பிறகு வருவது. நமக்குத் தேவை நடுவில் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பது. ஒரு விடுமுறை நாளில் ஊசி போட்டதிலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரம் பார்த்து எழுதுங்கள். மிகக் குறைந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவே இருந்தால் அளவு சரி. நடுப்பகலில் 50-க்கு இறங்கியிருந்தால், மாலையில் 380 காட்டினாலும் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். லாண்டஸ் முழுதாக நிலைப்படச் சில நாட்கள் ஆகும். அதனால் ஒரு வாரமாவது பொறுத்து, அரை யூனிட்டுக்கு மேல் மாற்றாமல், மருத்துவரிடம் காட்டிச் செய்யுங்கள்.

ஊசி போடும்போது பாதி முடியில் வழிந்துவிட்டது. மறுபடி போடலாமா?

கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு வேளைக்குச் சுகர் ஏறினால் பூனை தாங்கும், இறங்கினால் தாங்காது. தவறிய வேளைக்கும் இதேதான், அடுத்ததில் இரட்டிப்பாக்க வேண்டாம்.

இன்று காலை 95. சாப்பிடவும் இல்லை. ஊசி போடவா?

போடாதீர்கள். புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு நான் வைக்கும் கோடு 200. அதற்குக் கீழே என்றால் ஊசிக்கு முன் மருத்துவருக்கு ஒரு போன். சாப்பிடாமல் வாந்தியும் எடுத்து, சோர்ந்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறியதாக இருக்கலாம். அப்போது போன் எல்லாம் வேண்டாம், நேரே தூக்கிக்கொண்டு போங்கள்.

தள்ளாடி விழுந்தால் என்ன செய்வது?

சுகர் மிகவும் இறங்கியதாக இருக்கலாம். மீட்டர் கையருகே இருந்தால் உடனே பாருங்கள், இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உணவு கொடுங்கள். வலிப்பு, மயக்கம் என்றால் தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். தெளிந்து எழுந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், உள்ளே இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

மீன் கலந்த சாதமும் ட்ரை ஃபுட்டும் கொடுக்கிறோம். மாற்ற வேண்டுமா?

சாதத்தை நிறுத்தலாம். பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. ட்ரை ஃபுட்டிலும் மாவுச்சத்து அதிகம், அதனால் மாவு குறைந்த ஈர உணவு நல்லது. ஆரம்பத்திலேயே பிடித்துச் சரியாகப் பார்த்துக்கொண்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகிறது. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே நாளில் உணவை மாற்றிவிட்டு பழைய யூனிட்டையே போட்டால் சுகர் சடாரென்று விழும்.

ஊசிக்குப் பதில் மாத்திரை இல்லையா? அப்பாவின் மெட்ஃபார்மின் வீட்டில் இருக்கிறது.

மெட்ஃபார்மின் பூனைக்குப் பயன்படாது. அமெரிக்காவில் 2022-இல் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023-இல் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழி மருந்துக்கும் பூனைகளுக்காக அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கு அவை பொருந்தாது. சுகர் எண் நன்றாக இருக்கும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்தும் அவற்றில் உண்டு. அப்பாவின் மருந்துப் பெட்டி அப்பாவுக்கே இருக்கட்டும்.