லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

மதிப்புக்குரிய ஐயா,

நான் உவர்மலையில் சிறிய தையல் கடை நடத்துகிறேன். இரண்டு பெண்பிள்ளைகள் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிப்பதென்று புத்தாண்டில் தீர்மானம் எடுத்தேன். ஆதியாகமமும் யாத்திராகமமும் ஓடிவிட்டன. லேவியராகமத்தின் பலிச் சட்டங்களுக்குள் வந்ததும் நின்றுவிட்டேன். அட்டவணையைப் பார்க்கவே குற்ற உணர்வாக இருக்கிறது. காலையில் வாசிப்பதும் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் மறந்துபோகிறது. இந்தச் சட்டங்களுக்கும் என் அன்றாட வாழ்வுக்கும் என்ன தொடர்பு? கைத்தொலைபேசியில் வேதத்தைக் கேட்பது வாசிப்பாகுமா?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள சகோதரி,

நமது வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று நான்கு என்று முதலிலிருந்து வாசித்தால் ஜனவரி முடியும் தறுவாயில் லேவியராகமம் வந்துவிடும். பலருடைய தீர்மானம் அங்கேதான் நின்றுபோகிறது. ஆனால் இன்று நாம் எண்ணும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில், ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயத் திருச்சபைத் தலைவரால் வந்ததாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. சிருஷ்டிப்பின் ஆறு நாட்கள் ஒரு அதிகாரத்திலும், தேவன் ஓய்ந்திருந்த ஏழாம் நாள் அடுத்த அதிகாரத்திலுமாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்தாலே அது பின்னால் இட்ட கோடு என்பது விளங்கும். அந்தக் கணக்கில் பின்தங்கியதைத் தேவனிடம் பட்ட கடனாக எண்ணி நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அட்டவணையை மடித்து வைத்துவிடுங்கள். லேவியராகமத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்.

பலிச் சட்டங்களுக்குள் வந்ததும் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்குள் ஏழைகளுக்கென்று எழுதப்பட்ட வரிகளை மட்டும் தேடி வாசித்துப் பாருங்கள். ஐந்தாம் அதிகாரத்தில், ஆட்டைக் கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்ற அக்காலத் தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவந்தால் போதும். பிள்ளை பெற்ற தாய்க்கும் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஆட்டுக்குப் பதிலாகப் புறாக்கள் என்ற சலுகை உண்டு. இதை வாசித்தவர்களுக்குத்தான் லூக்கா இரண்டாம் அதிகாரம் முழுமையாகத் திறக்கும்: குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுபோன யோசேப்பும் மரியாளும் செலுத்தியது புறாக்களே. அவர்களிடம் ஆட்டுக்குட்டிக்கு வசதி இருக்கவில்லை என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. லேவியராகமம் தெரிந்தவர்கள் அதைத் தாங்களே கண்டுகொள்வார்கள்.

அன்றாட வாழ்வுடன் தொடர்பு எங்கே என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் அதிகாரத்தைக் காட்ட விரும்புகிறேன். எங்கள் மதிலுக்குச் சாந்து பூச வந்த மேசன் ஒருவர், மாலையில் வேலை முடிந்ததும் சாந்தகப்பையையும் தாச்சியையும் கிணற்றடியில் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். பிறகு படலையடியில் நின்று மதில் காய எத்தனை நாள் பிடிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார். கூலி என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்ற வசனத்தை நான் அன்று காலையில்தான் வாசித்திருந்தேன். அதனால் 'நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்ல நா எழவில்லை. இருட்டுமுன் கடைத்தெருவுக்குப் போய்ப் பணம் எடுத்துவந்து கொடுத்தேன். உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரம் இதற்குக் காரணமும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் தன் மனதை வைத்திருக்கிறான்.

லேவியராகமத்தின் அதே பத்தொன்பதாம் அதிகாரத்தில் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்றும் இருக்கிறது. தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை நடக்கும் பருவத்தில் நீங்கள் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்திருப்பதை நான் நல்ல வாய்ப்பாகவே கருதுகிறேன். அளவிலும் நிறையிலும் படியிலும் அநியாயம் செய்யக்கூடாது என்ற கட்டளையும் அங்கேதான் உள்ளது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நிற்கும் உங்களுக்கு, ஒரு சட்டைக்கு எத்தனை மீற்றர் துணி கேட்பது, வெட்டி மிஞ்சிய துணியைத் துணிக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதா என்பதெல்லாம் தினமும் எழும் கேள்விகள் அல்லவா? 'உன்னில் நீ அன்புகூருவது போல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்பது சுவிசேஷத்தில்தான் முதன்முதலாக வருகிறது என்று எண்ணுவோர் நம்மிடையே அதிகம். இயேசு அதை எடுத்தது இந்த அதிகாரத்திலிருந்துதான், கூலியும் கதிரும் தராசும் பேசப்படுகிற இதே இடத்திலிருந்துதான். உங்களோடு தங்கும் அந்நியனிடத்திலும் அவ்வாறே அன்புகூருங்கள் என்று சற்றுக் கீழே அந்தக் கட்டளை இன்னும் விரிகிறது. மூன்று சமூகங்கள் ஒரே சந்தையில் வாங்கி விற்கும் நம்முடைய ஊரில் இதை வேகமாக வாசித்துக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

ஆகவே காலையில் ஒரு அதிகாரம்கூட வேண்டாம். நாலைந்து வசனங்கள் போதும். அவற்றில் கடையில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளத்தை எண்ணும்போது கைக்கு வருகிற வசனம், பத்து மணிக்கு மறந்துபோனதாகத் தோன்றியிருந்தாலும் மறந்துபோனதல்ல.

கைத்தொலைபேசியில் கேட்பது தாராளமாக வாசிப்பாகும். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்க, ஜனங்கள் நின்றுகொண்டு கேட்டார்கள். கேட்டு அழவும் செய்தார்கள். தையல் இயந்திரத்தின் சத்தத்தில் வசனம் தெளிவாகக் கேட்காது என்பதால், துணி வெட்டும் நேரத்தில் கேளுங்கள். பத்தொன்பதாம் அதிகாரத்தை முடித்ததும் ரூத்தின் புத்தகத்தைக் கேட்டுவிட்டு மீண்டும் லேவியராகமத்துக்கு வரலாம். வயலின் சொந்தக்காரனான போவாஸ் தன் வேலைக்காரரிடம், கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக அரிக்கட்டுகளிலிருந்தும் சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடச் சொல்லும் இடம் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது.

அன்புடன்.