அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு முன் நடக்கும் 'டெயில்கேட்' விருந்துகளில் மதுவைத் தடை செய்ய வேண்டுமா?

தடை வேண்டாம். ஆனால் இப்போது பல ஊர்களில் நடப்பதைப் போல நாள் முழுவதும் கேள்விமுறை இல்லாமல் விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் முதுகலை படித்த காலத்தில், இரண்டு ஆட்டப் பருவங்கள் பல்கலைக்கழக மைதானத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே கண்டதை வைத்தே இதைச் சொல்கிறேன்.

பிக்கப் வண்டியின் பின்கதவுக்குத்தான் டெயில்கேட் என்று பெயர். அதைத் தாழ்த்தி மேசையாக்கி, பக்கத்தில் கரியடுப்பு மூட்டி, கூடாரம் கட்டி, ஆட்டம் தொடங்கும் வரை உண்டு குடித்துக் களிப்பார்கள். சனிக்கிழமை பகல் 12 மணி ஆட்டத்துக்குக் காலை 7 மணிக்கே வண்டிகள் வரிசை கட்டிவிடும். மூன்று தலைமுறையாக ஒரே மரத்தடியில் கூடாரம் போடும் குடும்பம் ஒன்று உண்டு. நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று தெரிந்ததும், அடுத்த வாரத்திலிருந்து எனக்கென்று சோளக்கதிர் சுட்டு வைத்துவிடுவார் அந்த வீட்டுப் பாட்டி. அவர் கையிலும் பீர்க் கோப்பை இருக்கும். அவர்களால் எங்களுக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. முழுத் தடை வந்தால் முதலில் வீட்டிலேயே இருந்துவிடப் போகிறவர்கள் இவர்கள்தான்.

தொல்லை வந்ததெல்லாம் இரவு ஆட்டங்களில். ஆட்ட நேரத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சி நிறுவனங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆட்டம் இரவு 7 மணிக்கு என்றாலும் கூட்டம் காலையிலேயே வந்துவிடும். பத்து மணி நேரக் குடி. இதோடு வயதுச் சிக்கலும் சேர்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது கிடைக்காமல் செய்யாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று 1984இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. எல்லா மாநிலங்களும் பணிந்தன. ஆனால் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பகுதியினர் அந்த வயதுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஆகவே விடுதி அறையில் ஒளிந்து வோட்காவை வேகவேகமாக ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மாலை, இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். வாந்தி தொண்டையில் அடைத்துவிடாமல் இருக்க அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய நண்பர்கள் தூரத்தில் நின்றார்கள். தாங்களும் குடித்திருப்பது தெரிந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. பிழைத்துக்கொண்டான் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

பெயரைத் துடைத்தால் பழக்கம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஜாக்சன்வில்லில் வழக்கமாக நடந்துவந்த ஃபுளோரிடா - ஜார்ஜியா பல்கலைக்கழக ஆட்டத்துக்கு 'உலகின் மிகப் பெரிய திறந்தவெளி மது விருந்து' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதைச் சொல்லவேண்டாம் என்று 2006இல் தொலைக்காட்சிகளைக் கேட்டுக்கொண்டார்கள். மக்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

எனக்குப் பாடமாக இருப்பவை வேறு இரண்டு ஊர்கள். போல்டரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகம் 1996இல் தன் மைதானத்துக்குள் பீர் விற்பனையை நிறுத்தியது. உள்ளே கைதுகளும் வெளியேற்றங்களும் நன்றாகக் குறைந்தன. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011இல் நேர் எதிராக, மைதானத்துக்குள் பீர் விற்கத் தொடங்கியது. அங்கேயும் போலீஸ் வழக்குகள் குறைந்தன! முதலில் எனக்கு இது புரியவே இல்லை. விற்பனையைத் தொடங்கிய அதே ஆண்டில், இடைவேளையில் வெளியே போனவர்களை மறுபடி உள்ளே விடும் வழக்கத்தை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள் என்று பிறகு படித்தேன். கார் நிறுத்துமிடத்தில் நின்றவனுக்கு அதன் அருமை உடனே விளங்கும். இடைவேளை 20 நிமிடம். கூட்டம் காருக்கு ஓடிவரும். மறுபடி வாசலில் வரிசையில் நிற்கவேண்டுமே என்ற அவசரத்தில், ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கவேண்டியதை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடும். எங்கள் வேலையில் மிக மோசமான நேரம் அதுதான். உள்ளே பீர் விற்கலாமா கூடாதா என்று ஊரெல்லாம் வாதாடுகிறார்கள். அந்த இடைவேளைக் கதவை மூடுவதுதான் அதைவிட முக்கியம் என்பேன்.

கூடாரம் போடும் நேரத்துக்கும் வரம்பு வேண்டும். ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் நிறுத்துமிடத்தைத் திறந்தால் தாராளம். பீர் இருக்கட்டும், வோட்கா, விஸ்கி வகையறாக்கள் வேண்டாம். தெருவில் குடிக்கக்கூடாது என்ற சட்டம் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. ஆனால் ஆட்ட நாளில் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிவிட்டால் போலீஸ் எட்டிப் பார்ப்பதில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆயிரம் கோப்பைகளை முகர்ந்து பார்க்க யாரால் முடியும்?

என் மனதை இன்றும் உறுத்துவது, ஆட்டம் முடிந்து அந்தக் கார்கள் கிளம்பும் நேரம். மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில்முறை பேஸ்பால், கால்பந்து ஆட்டங்கள் முடிந்து வெளியே வந்தவர்களில் சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களின் மூச்சை அளந்தார்கள். 40 விழுக்காட்டினரிடம் மது இருந்தது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் 0.08 என்ற சட்ட வரம்புக்கு மேல். அதாவது 100 மி.லி. இரத்தத்தில் 80 மி.கி. இந்தியாவில் வண்டி ஓட்ட வரம்பு 30 மி.கி.தான் என்பதை நினைத்துப் பாருங்கள். டெயில்கேட்டில் கலந்துகொண்டவர்கள் வரம்பைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு.

இவ்வளவும் தெரிந்தும் எங்கள் நிறுத்துமிடத்தில் ஒரு விதி இருந்தது: ஆட்டம் முடிந்த இரவே காரை எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அந்தச் சீட்டை ஞாயிறு காலையில் கண்ணாடியில் செருகிய கை என்னுடையது. குடித்தோமே, ஓட்டவேண்டாம் என்று நடந்து போன மனிதருக்குத் தண்டனை. ஓட்டிக்கொண்டு போனவருக்கு ஒன்றுமில்லை. மேலாளரிடம் நானும் இன்னொரு மாணவரும் மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். இரண்டாவது பருவத்தின் நடுவில்தான், ஞாயிறு பிற்பகல் 2 மணி வரை காரை விட்டுச் செல்லலாம் என்று மாற்றினார்கள். அதற்கடுத்த ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். பனி படிந்த கண்ணாடிகளோடு 17 கார்கள் நின்றுகொண்டிருந்தன.