லுணுகங்க: பூக்களைத் தேடிப் போகாதீர்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் பெந்தோட்டையில் இரண்டு நாள் தங்குகிறோம். லுணுகங்க தோட்டத்தைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார். "அங்கே பூவே கிடையாது" என்று உறவினர் ஒருவர் வேறு சொல்கிறார். போகலாமா?

தாராளமாகப் போகலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. உறவினர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பாத்தி பாத்தியாகப் பூத்துக் குலுங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் இந்த ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதன்பின் அரை நூற்றாண்டு காலம் திருத்திக்கொண்டே இருந்தார். எந்த மரம் நிற்க வேண்டும், எங்கே நிழல் விழ வேண்டும், எந்த இடைவெளியில் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதுதான் அவருடைய அக்கறை.

வீட்டின் தெற்குப் பக்கம் வந்து நில்லுங்கள். புல்வெளிக்கு அப்பால் கறுவா மேடு. மேட்டின் மேல் ஒரு மகிழ மரம், அதனடியில் பெரிய சாடி ஒன்று, அதற்கு நேர் பின்னால், ஏரியையும் தாண்டி, ஒரு பௌத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (தூபி). எல்லாம் தானாக அமைந்தது போலத் தோன்றும். இந்த ஒரு பார்வைக்காகவே பாவா மேட்டின் உச்சியைத் தாழ்த்தினார். நடுவே போகும் ஊர்ப்பாதையும் கண்ணில் படாதபடி பள்ளத்தில் மறைந்து கிடக்கிறது. வண்டிச் சத்தம் கேட்டால்தான் அங்கே பாதை இருப்பதே தெரியும்!

அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது இதனால்தான். தோட்டத்தின் மிகச் சிறந்த காட்சி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அவர் அங்கே உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் கீழே நீர்த்தோட்டம், வயல் பக்கம் எல்லாம் நடந்துவிட்டு வாருங்கள். வடக்கு முற்றத்து ஈழத்தலரி மரத்தை மட்டும் அவருக்குக் காட்டாமல் விடாதீர்கள். கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அதை அகலப் படரவைத்தவர் பாவாதான்.

சுற்றிக்காட்டுவது வழிகாட்டியுடன், குறித்த நேரங்களில்தான். அதனால் முன்பதிவு செய்யுங்கள், அப்போதே அம்மாவின் முழங்காலைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். காலை நேரம் கிடைத்தால் அதையே எடுங்கள். வெயில் ஏறியிருக்காது, சாய்ந்த வெளிச்சத்தில் புல்வெளியின் மேடு பள்ளமும் நன்றாகத் தெரியும். டிசம்பர் கடைசி நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது பாசி படிந்த படிகளில் வழுக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் இப்போதும் கவனம் தேவை, பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கொசு விரட்டும் தைலம் கட்டாயம்.

ரயிலில் வருவதென்றால் அளுத்கமவில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். திரும்பி வரவும் அதே ஓட்டோவைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, செடிகொடி நெருக்கமாக வேண்டும் என்றால்? இரண்டாம் நாள் பாவாவின் அண்ணன் பெவிஸ் உருவாக்கிய பிரீஃப் தோட்டத்துக்குப் போங்கள். அதுவும் அளுத்கமவுக்கு உட்புறம்தான். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள், எதுவும் மனதில் தங்காது. பிரீஃப் சரிவான இடம் என்பதால், அங்கே அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிப் பார்ப்பதே போதும். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் அங்கே தங்கி வரைந்த சுவரோவியம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.