ரொக்கமா, ஆடா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கென்யாவில் ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் போடாமல் ஒரு தொண்டு நிறுவனம் பணம் கொடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் என் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளம் போடுகிறார். பிஎம் கிசான் பணம் நாலு மாதத்துக்கு ஒருமுறை 2000 வருகிறது, வந்த சுவடு தெரியாமல் போகிறது. ஊரில் பாதிப் பேருக்கு அது நேராக ஒயின்ஷாப்புக்குத்தான். சும்மா வரும் காசு மனிதனைச் சோம்பேறியாக்காதா? அதற்குப் பதில் ஆடோ மாடோ கொடுத்தால் கையில் நிற்குமே?

இன்னொன்று. நான் திருப்பூரில் வேலை செய்கிறேன். மாதம் 3000 அப்பாவுக்கு அனுப்புகிறேன். அதனால் அவர் வாழ்க்கையில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவற்றை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

குடி விஷயம். இந்தச் சந்தேகம் உலகம் முழுக்க இருக்கிறது. டேவிட் எவன்ஸ், ஆன்னா போப்போவா என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உதவிப் பணம் வந்ததால் குடிக்கும் புகைக்கும் செய்யும் செலவு கூடவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. குடிக்கிறவர் ஏற்கனவே குடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கூலிப் பணத்தில் குடிப்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, அரசாங்கப் பணம் என்றால் ஊரே பார்க்கிறது.

இனி கென்யா. மேற்கே விக்டோரியா ஏரிக் கரையில் சியாயா மாவட்டம். ஓரிரு ஏக்கரில் மக்காச்சோளமும் பீன்ஸும் போடுகிற குடும்பங்கள். நீங்கள் சொன்ன தொண்டு நிறுவனமான கிவ்டைரக்ட்லி அங்கே முதலில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வைத்திருந்த அளவுகோல் எளிமையானது: புல் கூரை வீடா, தகரக் கூரை வீடா? புல் கூரை என்றால் பணம் உண்டு. எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை வழியாக வரும். போன் இல்லாதவர்களுக்கு போனையும் கொடுத்து, விலையை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொண்டார்கள். குறுஞ்செய்தி வந்ததும் பக்கத்துச் சந்தையில் உள்ள முகவர் கடைக்குப் போய் ரொக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

2014 முதல் 2017 வரை நடந்த பெரிய சோதனையில் 653 கிராமங்களில் 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, குடும்பத்துக்குச் சுமார் 1000 டாலர் வீதம் போனது. அந்தக் குடும்பங்களின் ஒரு வருடச் செலவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அது. உங்கள் அப்பாவுக்கு வரும் 2000-த்தோடு இதை ஒப்பிடவே முடியாது. பலர் முதலில் செய்தது கூரையை மாற்றியது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது ஆடம்பரம் போலத் தோன்றும். புல் கூரைக்கு அடிக்கடி புல் தேடி, ஆள் வைத்து வேய வேண்டும். அந்தப் புல்லும் வரவரக் கிடைப்பதில்லை. மழை ராத்திரியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர வேண்டும், சேமித்த தானியமும் நனையும். தகரம் போட்டால் அந்தச் செலவு நின்றுவிடும், வடியும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொள்ளலாம். வருடாவருடம் போகிற காசை ஒரேயடியாக அடைத்ததாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் செலவும் ஏறியது. வாங்கியவர் தச்சரிடமும் மளிகைக்கடையிலும் செலவழிக்க, அந்தக் காசு ஊருக்குள்ளேயே சுற்றியது. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் பெருகியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விலைவாசி அசையவே இல்லை என்று சொல்லலாம். ஒரு கிண்டலான சங்கதி, பக்கத்திலேயே ஹோமா பே பகுதியில் நிறையப் பேர் பணத்தை வாங்கவே மறுத்தார்கள். சும்மா யார் கொடுப்பார், இது சாத்தான் காசு என்று வதந்தி. உங்கள் சந்தேகம் அங்கேயும் இருந்திருக்கிறது, வேறு வேஷத்தில்!

சரி, சோம்பேறித்தனம். சிறு விவசாயிக்குப் பணமில்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அடுத்தவன் காட்டில் வேலை செய்கிறார். ஜாம்பியாவிலும் மலாவியிலும் விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவிலுள்ள மாதங்களில் வீட்டில் தானியம் தீர்ந்துவிடும். சொந்தப் பயிருக்குக் களை எடுக்க வேண்டிய அதே வாரத்தில், அன்றைய மாவுக்காக அவர் வசதியுள்ளவன் வயலில் களை எடுத்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது தன் பயிரைக் களை மூடியிருக்கும். அறுவடை குறையும், அடுத்த வருடம் தானியம் இன்னும் சீக்கிரமே தீரும். ஜாம்பிய அரசு 2010-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கத் தொடங்கியது. வாங்கியவர்கள் கூலிக்குப் போவது குறைந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சோம்பல்தான். அவர்கள் பயிர் செய்த நிலப்பரப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது.

விற்பதிலும் இதே கதைதான். கென்யாவில் ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும். கட்டணம் கட்ட, அறுவடை முடிந்த கையோடு மக்காச்சோளத்தை அடிமாட்டு விலைக்குப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே சோளத்தை ஏறின விலைக்கு வாங்கிச் சாப்பிடுவார்கள். காத்திருந்தால் லாபம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. காத்திருக்கக் கையில் காசு வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கும். 2017-ல் கென்யாவை அடைந்த படைப்புழு அடுத்த வருடமே நம் மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்துவிட்டது. புழு சின்னதாக இருக்கும்போதே மருந்தடித்தால்தான் உண்டு. வளர்ந்து குருத்துக்குள் இறங்கி, தன் கழிவாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொண்டால் மருந்து உள்ளே போகாது. முதல் வாரம் அடிக்கிறவருக்கும் நகையை அடகு வைத்து மூன்றாவது வாரம் அடிக்கிறவருக்கும் மருந்துச் செலவு ஒன்றுதான், விளைச்சல் ஒன்றல்ல. அப்புறம் உரக்கடைக் கடன். கடைக்காரரே சோளமும் வாங்குகிறவராக இருந்தால், கடனுக்கு அவர் சொல்கிற விலைதான்.

ஆகவே எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு எப்போது, எந்த உருவில் என்பதும் சேர்த்தி. இதையும் கென்யாவில் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சுமார் 500 டாலர் மொத்தமாக. இன்னொரு பகுதியினருக்கு ஏறக்குறைய அதே தொகையை இரண்டு வருடத்துக்குப் பிரித்து மாதாமாதம். மூன்றாவது பகுதியினருக்கு அதே மாதத் தொகை, ஆனால் 12 வருடங்களுக்கு. 2023-ல் வந்த முடிவுகளில் தொழில் தொடங்குவதில் மொத்தமாக வாங்கியவர்கள் இரண்டு வருடக்காரர்களை முந்தியிருந்தார்கள். 12 வருடக்காரர்களும் நன்றாகச் செய்திருந்தார்கள். எப்படி என்றால், சீட்டு! பலர் ஒன்றுசேர்ந்து மாதப் பணத்தைச் சீட்டில் போட்டு, முறை வரும்போது மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பிஎம் கிசானின் குறை பணம் கொடுப்பதில் இல்லை. வருடத்துக்கு 6000-ஐ மூன்றாக உடைத்து, பயிர்ப் பருவம் எதுவென்று பார்க்காமல் நாடு முழுக்க ஒரே நாளில் போடுவதில் இருக்கிறது. 2019-ல் இருந்து தொகையும் ஏறவில்லை. தெலங்கானா 2018-ல் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் ஆரம்பத்தில் பருவத்துக்கு ஏக்கருக்கு 4000 ரூபாய் கொடுத்தார்கள், விதைப்புச் செலவுக்கென்றே. யோசனை சரியானது. ஆனால் ஏக்கர் கணக்கு என்பதால் பெரிய நிலக்காரருக்குப் பெரிய தொகை போனது. குத்தகைக்கு உழுகிறவருக்கு இரண்டு திட்டத்திலும் ஒன்றுமில்லை. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம், அவர் சென்னையில் உட்கார்ந்திருந்தாலும்.

ஆடு பற்றி. தீவனமும் மேய்க்க ஆளும் உள்ள வீட்டுக்கு ஆடு நல்லதுதான். நகை மூழ்கப்போகிற வீட்டுக்கு நகையை மீட்பது நல்லது. எந்த வீட்டுக்கு எது என்று அலுவலகத்தில் இருக்கிறவர் எப்படி முடிவு செய்வார்? பணமும் எல்லாவற்றையும் செய்துவிடாது. மழையைக் கொண்டுவராது, சாலை போடாது. பணம் நடுவழியில் களவும் போகும். காங்கோவில் கிவ்டைரக்ட்லியின் சொந்த ஊழியர்களே சேர்ந்து சுருட்டியது 2023-ல் வெளியே வந்தது.

இப்போது உங்கள் 3000. அது அப்பாவின் அடுப்படிச் செலவில் கரைகிறது. அதுவும் பயன்தான், அவர் அரிசிக்குக் கடன் வாங்கவில்லை. வாழ்க்கை மாற வேண்டுமென்றால் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மாதம் 1500 அனுப்புங்கள். மீதி வருடத்துக்கு 18,000 ஆகும். அதை ஆவணி கடைசியில், புரட்டாசி விதைப்புக்கு முன்னால் மொத்தமாகக் கொடுங்கள். உரக்கடையில் ரொக்கமாக வாங்கினால் சோளத்தை யாருக்குப் போடுவது என்பது அவர் கையில் இருக்கும். என்ன செலவு செய்தீர்கள் என்று கணக்கு மட்டும் கேட்காதீர்கள். தையில் விலை படுத்திருந்தால் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் மூட்டையை வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். ஈரம் போகக் காய்ந்த சோளமாக இருந்தால்தான் கிடங்கில் தாங்கும். காயப்போடக் களமும் தார்ப்பாயும் இருக்கிறதா என்று அப்பாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.