மலைக் குளிரும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: வயது 52. கோத்தகிரி அருகே சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். டிசம்பரில் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் 158/98 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேலும் இரண்டு முறை பார்த்துவிட்டு அம்லோடிபின் 5 மி.கி. கொடுத்தார்கள். ஏப்ரலில் மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் பார்த்தபோது 126/80தான். குளிர்தான் காரணம் என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலிக்கு மட்டும் அவ்வப்போது மாத்திரை போடுவேன். நான் செய்தது சரியா?

பதில்: சரியில்லை. மேட்டுப்பாளையத்தில் நீங்கள் பார்த்த 126/80 என்பது, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கிடைத்த அளவு. அது நோய் போய்விட்டதைக் காட்டவில்லை, மருந்து வேலை செய்ததைக் காட்டியது. அம்லோடிபின் உடம்பிலிருந்து மெதுவாகவே வெளியேறும் என்பதால், நிறுத்திய மறுநாளே அழுத்தம் ஏறிவிடாது. பலரும் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

குளிரைப் பற்றி நீங்கள் நினைத்ததில் பாதி உண்மை இருக்கிறது. குளிரில் தோலின் கீழுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்று ஏறும். கோடையில் அவை விரிந்து, வியர்வையில் உப்பும் நீரும் போவதால் சற்று இறங்கும். ஆனால் குளிரோ, நீங்கள் வாழும் மலையின் உயரமோ மட்டுமே 158 வரை ஏற்றிவிடும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்குத் தனியாக ஒரு காரணம் அகப்படுவதில்லை. பரம்பரை, வயது, உடல் எடை, உப்பு, மது ஆகியவை சேர்ந்தே இந்நோயைக் கொண்டுவருகின்றன. சிலருக்குச் சிறுநீரகம், தைராய்டு, அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றின் கோளாறோ, குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறோ அடியில் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த முழங்கால் மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அந்த அட்டையை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

முகாமில் எடுத்த ஒரே அளவை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. மேடேறி வந்த மூச்சோடு, சூடான டீயைக் குடித்துவிட்டு, ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தால் எண் தவறாகத்தான் வரும். உங்களுக்கு மறுபடி இரண்டு முறை பார்த்தது முறையானது. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலே உயர் ரத்த அழுத்தம் என்போம். வீட்டில் பார்ப்பதற்கு அந்த எல்லை 135/85. வீட்டில் கருவி இருந்தால், டீ, புகை, வேலை எல்லாம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். துணி மூடாத கையில், பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி கட்டி, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை ஏழு நாட்கள் எடுத்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். அதற்காக மருத்துவரைப் பார்ப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டாம்.

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. ஆகியவற்றை இதுவரை பார்க்காவிட்டால் இப்போது பார்த்துவிடுங்கள். அம்லோடிபினால் கணுக்காலில் வீக்கம் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டெல்மிசார்டான் போன்ற வேறு மருந்துக்கு மாற்ற முடியும். சமையல், ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் சேர்த்து ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். எடையும் உப்பும் குறைந்து அழுத்தம் நிலையாக இறங்கினால் மருந்தளவைக் குறைக்க முடியும். சிலருக்குக் கோடையில் குறைத்து, குளிர்காலத்தில் கூட்டுவதும் உண்டு. அதை எழுதிவைத்த அளவுகளைப் பார்த்து மருத்துவரே செய்ய வேண்டும். சுகாதார நிலையம் தொலைவு என்பதுதான் சிரமமென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். அங்குள்ள செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இடையில் நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, வாய் கோணுதலோ, பேச்சுக் குழறலோ வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்கவும்.