கிணற்றை எட்டிப் பாருங்கள்

கேள்வி: ரிசார்ட், கூட்டம் எதுவும் இல்லாத சின்ன வெப்பமண்டலத் தீவு ஒன்றில் சில நாள் தங்க ஆசை. கிளம்பும் முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில்: தங்கும் இடத்தைப் பற்றி அப்புறம் கேட்கலாம். முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். தாழ்வான பவளத் தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்நீர் சற்றே கனம் என்பதால்தான் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அளவு மீறி இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பும் அதே கணக்கில் ஏறி வரும். ஒருமுறை உப்பேறிய கிணறு தேற நல்ல மழை பல வேண்டும்.

நான் இப்படிப்பட்ட தீவில் இறங்கியதும் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பேன். உள்சுவரில் ஈர வளையம் ஒன்று தெரியும். கடல் ஏறி இறங்கும்போது கிணற்றுத் தண்ணீரும் கூடவே ஏறி இறங்கிய தடம் அது. பார்க்கவே அவ்வளவு அழகு! ஆனால் அதே மணல் வழியாக உங்கள் சோப்புத் தண்ணீரும் கிணற்றுக்குப் போய்விடும். அதனால் வாளியில் அளந்து, கிணற்றைவிட்டுத் தள்ளிக் குளியுங்கள். பேட்டரி, பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடு திரும்பி வரட்டும். அங்கே புதைத்தால் அந்த விஷமும் கிணற்றில்தான் சேரும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இல்லாததாகப் பாருங்கள். பவளப்பாறைக்குக் கேடு என்று பலாவ் நாடு 2020இல் அதைத் தடை செய்தது. முழுக்கைச் சட்டை போட்டு நீந்தினால் இன்னும் நல்லது. பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.

இன்னொன்று, இணையத்தில் படம் போடும்போது தீவின் பெயரைப் போடலாமா என்று அங்கே இருப்பவர்களையே கேளுங்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா புகழால் திரண்ட கூட்டத்தில் நசுங்கி, பவளம் சிதைந்து, 2018இல் மூடப்பட்டது. 2022இல் திறந்தபோது படகுகள் உள்ளே வரத் தடை. சின்னத் தீவுக்கு அந்த அளவு கூட்டம்கூட வேண்டாம், கொஞ்சம் பேர் கூடினாலே கிணறு தாங்காது.

சரி, படகு. காற்றுக்காலத்தில் நாள் கணக்கில் ஓடாமல் நிற்கும். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், கையில் ரொக்கமும் இருக்கட்டும். திரும்பும் விமானத்தைப் படகு வரும் அதே நாளில் போடாதீர்கள்.